ஈயக்குட்டை பிபி: அடிக்கிறது, ஆனால் கரைக்கு வருவதில்லை. கோளாறு எங்கே?

பத்துமலை_காஸ்டிங் கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. ரவாங் பக்கம் ஓர் ஈயக்குட்டையில், அதாவது வெள்ளீயம் தோண்டிவிட்ட பழைய சுரங்கக் குளத்தில், பீகாக் பாஸ் (பிபி) மீன் அடித்துக்கொண்டிருக்கிறேன். முக்கால் கிலோ வரை உள்ள பிபி சிரமமில்லாமல் கரைக்கு வந்துவிடுகிறது. ஒரு கிலோவுக்கு மேல் போனது ஒன்றுகூட வரவில்லை.

சாமான்:
ரோட்: 6 அடி 6 அங்குலம், மீடியம் லைட், 6 முதல் 12 எல்பி (பவுண்டு) கயிற்றுக்கு
ரீல்: 2500 ஸ்பின்னிங்
கயிறு: பிஈ (பின்னல் கயிறு) 1, நாலு இழை
லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் முனைக் கயிறு): புளோரோகார்பன் 20 எல்பி, ஒரு மீட்டர்
லூர் (பொய் இரை): 7 செ.மீ. மிதக்கும் மின்னோ (சிறு மீன் வடிவம்), கடையில் வந்த ட்ரெபிள் (மூன்று கொக்கி) முள்ளோடு

இதுவரை நாலு இழப்பு, வரிசைப்படி:
முதலாவது, ட்ரெபிளில் ஒரு கொக்கி மட்டும் நிமிர்ந்து திரும்பி வந்தது. டிராக் (ரீலின் பிடி) இறுக்கம் என்று நினைத்து அன்றே தளர்த்திவிட்டேன்.
இரண்டாவது, மீன் நேராகப் பட்ட மரத்துக்குள் ஓடியது. லீடர் அறுந்தது. அறுந்த நுனி வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தது.
மூன்றாவது, கயிற்று நுனி பன்றி வால் மாதிரி சுருண்டு வந்தது.
நாலாவது, கத்தியால் வெட்டியது போல ஒரே வெட்டு. இழுத்த உணர்வே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். காலை பத்து மணிக்குப் பிறகு மீன் லூரின் பின்னாலேயே வந்து, கரையருகில் திரும்பிப் போய்விடுகிறது. ஏன்? வரும் ஜனவரியில் ஆறு பேர் பிரேசில் பார்செலோஸ் போகிறோம். இதே ரோட்டைக் கொண்டுபோகலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?

---

குட்டையோரம் எழுதியது:

தம்பி, அறுந்த நுனியைத் தூக்கிப் போடாமல் பார்த்து வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. நாலும் நாலு வேறு கோளாறு. ஒரே மருந்து கேட்காது.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே வெட்டு என்றால் அது பிபி இல்லை. பிபியின் பல் மணல்தாள் மாதிரி பொடிப் பொடியாக இருக்கும், தேய்க்கும், வெட்டாது. அந்தக் குட்டையில் தோமான் (கூர்ப்பல் உள்ள பெரிய விரால் இனம்) இருக்கிறது. தோமான் நிறைய உள்ள மூலையில் 40 எல்பி லீடர் போடுங்கள், இல்லையென்றால் மூலையை மாற்றுங்கள். அதற்காக ஸ்டீல் கம்பி கட்டிவிடாதீர்கள். தெளிந்த குட்டைத் தண்ணீரில் கம்பி பளிச்சென்று தெரியும், 7 செ.மீ. மின்னோவின் ஆட்டமும் செத்துவிடும்.

சுருண்ட நுனி என்றால் முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. கயிறு பலம் போதாமல் அறுந்தால் நுனி சுருளாது. முடிச்சுக்குள் உரசி இழுபடும்போதுதான், கத்தரிக்கோலில் இழுத்த பரிசு ரிப்பன் மாதிரி சுருளும். லூர் பக்கம் கழன்றதா, பிஈயும் லீடரும் சேரும் இடத்தில் கழன்றதா என்று நீங்கள் சொல்லவில்லை. முழு லீடரும் கையில் வரவில்லையென்றால் மேல் முடிச்சு. லீடர் வந்து லூர் மட்டும் போயிருந்தால் கீழ் முடிச்சு.

மேல் முடிச்சுக்கு எப்ஜி என்ற முடிச்சு போதும். பிஈயை இழுத்துப் பிடித்தபடியே லீடரைச் சுற்றி மேலும் கீழுமாக மாற்றி மாற்றி 20 சுற்று. மெல்லிய பிஈ என்றால் 24. அதன்மேல் இரண்டையும் சேர்த்து ஓர் அரை முடிச்சு போட்டு, எச்சில் தொட்டு, கையுறையோ துணியோ சுற்றிக்கொண்டு பலமாக இழுங்கள். சுற்றுகள் லீடருக்குள் அழுந்தும்போது பிஈயின் நிறம் கருத்துத் தெரியும். கருக்கவில்லையென்றால் இன்னும் கடிக்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிறகு இன்னும் நாலைந்து அரை முடிச்சு, லீடர் வாலை ஒட்ட வெட்டி, பிஈ மேல் மட்டும் இரண்டு மூன்று அரை முடிச்சு. எரித்து உருண்டை செய்ய வேண்டாம். சூடு பட்ட பிஈ அங்கேயே அறும்.

சொரசொரப்பான நுனி மரத்தில் உரசியது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, லீடரை 30 எல்பி ஆக்குங்கள். இன்னொன்று, மீன் மரத்துக்குப் போகாதபடி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதுதான் பெரிய விஷயம். பட்ட மரத்துக்கு நேர் எதிரே நின்று வீசினால், மீன் திரும்பினால் மரம், திரும்பாவிட்டாலும் மரம். கரையோடு பத்து இருபது அடி நகர்ந்து, மரத்தின் திறந்த பக்கத்தை உரசிப் போகும் கோணத்தில் வீசுங்கள். அடித்தவுடன் ரோட்டை உயர்த்தாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சாய்த்து, மரத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும். இரண்டடி பின்னால் நடந்தாலும் சரி. பிபி ஓடும் முதல் ஓட்டம் இரண்டு மூன்று வினாடிதான். அதற்குள் தலையைத் திருப்பிவிட்டால் மிச்சம் உங்கள் கையில்.

உள்ளே போய்விட்டால் இழுத்துக்கொண்டே நிற்காதீர்கள். ரீலின் பெயிலை (கயிற்றைப் பிடிக்கும் கம்பி வளைவு) திறந்து கயிற்றை முழுசாகத் தளர்த்தி அரை நிமிடம் பொறுங்கள். இழுப்பு நின்றால் மீன் சில நேரம் தானாகவே வந்த வழியில் வெளியே வரும். எல்லா முறையும் இல்லை, ஆனால் இழுத்தால் ஒரு முறையும் வராது.

இப்போது முள். நீங்கள் செய்த தப்பு இங்கேதான். முள் விரிந்தது என்றதும் டிராக்கைத் தளர்த்தினீர்கள். விரிந்த கொக்கியை நன்றாகப் பாருங்கள். நுனியோரம் மட்டும் நிமிர்ந்திருக்கிறதா, வளைவே திறந்திருக்கிறதா? பிபியின் வாயோரம் கெட்டி. முள் நுனி மட்டும் ஏறி நின்றுவிட்டால், மீனின் முழு எடையும் நுனியில் தொங்கும். நுனியில் தொங்கும் எடை நெம்புகோல் மாதிரி கம்பியை விரிக்கும். வளைவு வரை உள்ளே போன அதே முள் அதே எடையைத் தாங்கிவிடும். வளைவு வரை போகாததற்குக் காரணம் மூன்று இருக்கலாம்: முள் மழுங்கியிருப்பது, ரோட் நுனி மிருதுவாக வளைந்துகொடுப்பது, அடிக்கும் நேரத்தில் டிராக் வழுக்குவது. அதாவது டிராக் தளர்ந்திருந்தாலும் முள் விரியும்!

ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். பயணப் பெட்டி நிறுக்கும் தராசு ஒன்று இருந்தால் போதும். லீடரைத் தராசுக் கொக்கியில் கட்டி, ரோட்டைச் சண்டைக் கோணத்தில் பிடித்து, டிராக் வழுக்கும் வரை வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கையால் ஸ்பூலை (கயிறு சுற்றும் உருளை) இழுத்துப் பார்த்து வைத்த டிராக் எப்போதும் பொய் சொல்லும். கயிற்றின் பலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை சரி. பிஈ 1 என்றால் சுமார் 20 எல்பி, அதாவது 9 கிலோ, ஆக 2.2 முதல் 2.7 கிலோ. ஆனால் உங்கள் 12 எல்பி ரோட்டுக்கு 2 கிலோவே வரம்பு. மீடியம் ரோட், 8 முதல் 17 எல்பி, பிஈ 1.5, லீடர் 30 எல்பி: இது ஈயக்குட்டைக்குப் பொருந்தும் சேர்க்கை.

முள் மாற்றும்போது கனமான ட்ரெபிளை அப்படியே பூட்டிவிடாதீர்கள். 7 செ.மீ. மிதக்கும் மின்னோவில் 4எக்ஸ் (மிகத் தடித்த கம்பி) ட்ரெபிள் இரண்டு மாட்டினால் அது மிதக்காது, ஆடாது. வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்தது ஒற்றை முள்: அதே லூரில் 1-ஆம் எண் இன்லைன் சிங்கிள் இரண்டு. வயிற்று முள்ளின் நுனி தலைப்பக்கம் பார்க்க வேண்டும், வால் முள்ளின் நுனி மேலே பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது, லூரின் முதுகைச் சுற்றி மாட்டவும் கூடாது. ஒற்றை முள்ளின் கம்பி கெட்டி, வாய் அகலம், ஏறினால் வளைவு வரை ஏறும். அடி கொஞ்சம் குறையும், ஏறினது நிற்கும். முள்ளை லூரில் மாட்டும் வளையமான ஸ்பிளிட் ரிங்கையும் மாற்றுங்கள். முள் தாங்கினாலும் ரிங் திறந்துகொண்டால் கணக்கு ஒன்றுதான்.

---

செந்தூல்_லூர் எழுதியது:

சாமானைக் குட்டையோரம் அண்ணன் முடித்துவிட்டார். நான் மீனைப் பற்றி மட்டும்.

பிபி கண்ணால் வேட்டையாடும் மீன், பகல் மீன். ராத்திரி உட்கார்ந்து பிரயோஜனம் இல்லை. காலை ஏழரையிலிருந்து பத்து வரை கரையோரம் சிறு மீனைத் துரத்தும். வெயில் ஏறியதும் சாகாது, இடம் மாறும். ஈயக்குட்டையின் அடிப்பகுதி ஏரி மாதிரி சரிவாக இறங்காது. மணல் மேடு ஒன்று நாலைந்து அடி ஆழத்தில் நீண்டு போய், திடீரென்று படிபோல் விழும். அந்தப் படி விளிம்புதான் பத்து மணிக்குப் பிறகு மீன் நிற்கும் இடம். தண்ணீர் நிறம் வெளிர் பச்சையிலிருந்து கரும் பச்சையாக மாறும் கோடு, அதுதான் விளிம்பு. கரையிலிருந்து போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தெரியும்.

மேலே மிதக்கும் மின்னோவை அங்கே இழுத்தால் மீன் ஆழத்திலிருந்து எழுந்து வந்து பார்க்கும். பின்னாலேயே வரும். கரையருகில் உங்கள் நிழலைப் பார்த்துத் திரும்பும். இரண்டு திருத்தம். முதலாவது, பின்தொடரும் மீனைக் கண்டதும் நம் கை தானாக மெதுவாகும். அது தப்பு. நிஜ இரை பயந்தால் வேகமெடுக்கும். பிபிக்கு வேகம்தான் தூண்டுதல். ரீலைச் சட்டென்று வேகமாகச் சுற்றி, ரோட் நுனியால் இரண்டு வெட்டு கொடுங்கள். இரண்டாவது, லூரை மாற்றுங்கள். 7 முதல் 10 கிராம் ஜிக் (தலையில் எடை வைத்த முள்), அல்லது மூழ்கும் மின்னோ. விளிம்பைத் தாண்டி வீசி, தரை தொட விட்டு, மூன்று நான்கு துள்ளல், மறுபடி இறங்க விடுவது. அடி பெரும்பாலும் இறங்கும்போது விழும், கயிறு சும்மா தளர்ந்தால் அதுவே அடி.

மீன் மேலே அடித்துத் தவறவிட்டால் உடனே அதே இடத்தில் ஜிக்கைப் போடுங்கள். அதற்காகவே இரண்டாவது ரோட் ஒன்றைக் கட்டித் தயாராக வைப்பது வழக்கம். பத்து வினாடிக்குள் போட்டால் பாதிக்குப் பாதி திரும்ப அடிக்கும்.

கனமழை பெய்து குட்டை தேநீர்த் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். கண்ணால் பிடிக்கும் மீனுக்குக் கண் தெரியாது.

கரையோரம் கறுப்பாகக் குஞ்சுக் கூட்டம் பந்து மாதிரி சுழன்றுகொண்டிருந்தால், பக்கத்தில் தாயும் தகப்பனும் இருக்கும். ஆண் மீனுக்கு அந்தக் காலத்தில் நெற்றியில் கொழுப்புத் திமில் ஏறியிருக்கும். லூரை எங்கே போட்டாலும் பசியில் இல்லை, கோபத்தில் அடிக்கும். பிடிப்பது மிகச் சுலபம். அதனாலேயே நான் பிடிக்கச் சொல்ல மாட்டேன். தூக்கிப் படம் எடுத்து முடிப்பதற்குள் லம்பாம், செபாரா போன்ற மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று முடித்திருக்கும்.

கையாளும்போது: ட்ரெபிள் இருந்தால் வாயில் கட்டை விரலை விடாதீர்கள், ஒரு துள்ளலில் முள் விரலுக்குள் போகும். நீண்ட மூக்குப் பிளையர், பார்பை (எதிர்முள்) அமுக்கிய முள், கையை நனைத்துக்கொண்டு பிடிப்பது. நண்பகல் கரைத் தண்ணீர் சூடாக இருக்கும். மீனைத் தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

---

ஜெலுத்தோங் எழுதியது:

பினாங்கிலிருந்து ஒரு மறுப்பு. குஞ்சுப் பந்தைக் காப்பாற்றச் சொன்ன தம்பியிடம் கேட்கிறேன்: எதற்காக?

பிபி தென் அமெரிக்க மீன். அமேசான், ஒரினோக்கோ, கயானா ஆறுகளில் பிறந்தது. நம் ஈயக்குட்டைக்கு மனிதன் கொண்டுவந்து விட்டது. 1967இல் பனாமாவில் இதே இனம் ஒரு குளத்திலிருந்து சாக்ரஸ் ஆற்றுக்குத் தப்பி, காத்துன் ஏரிக்குள் பரவியது. உள்ளூர்ச் சிறு மீன்கள் ஏரியில் ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டன. ஜாரெட், பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் அதை எழுதினார்கள். சிறு மீனைத் தின்று வாழ்ந்த பறவைகள் குறைந்தது, கொசுப் புழு தின்ன ஆளில்லாமல் போனது வரை அதில் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1984இல் திலாப்பியாவை ஒடுக்க வேண்டுமென்றே கால்வாய்களில் விட்டார்கள். அங்கே வெற்றி என்கிறார்கள். ஆனால் அங்கே குளிர்காலம் இருக்கிறது. தண்ணீர் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் பிபி செத்துப்போகும், அதனால் தெற்கு மூலையைத் தாண்டிப் பரவ முடியாது. நமக்குக் குளிர்காலம் எங்கே? இங்கே அதைத் தடுக்க வானம் உதவாது.

ஆகவே என் கட்சி: பிடித்தால் விடாதீர்கள். வெள்ளைச் சதை, நடுமுள் தவிர்த்துப் பொடி முள் குறைவு. தடிமனாகத் துண்டு போட்டு அசாம் பெடாஸ் (புளிப்புக் கார மீன் குழம்பு) வைத்தால் திலாப்பியா பக்கத்தில் நிற்காது. சமைப்பதற்கு முன் ஒன்று. ஈயக்குட்டைத் தண்ணீரிலும் சேற்றிலும் ஆர்செனிக், காரீயம் இருக்க வாய்ப்புண்டு. குட்டையின் பழைய கதை தெரியாவிட்டால் அடிக்கடி சாப்பிடாதீர்கள், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

உயிரோடு வாளியில் தூக்கி அடுத்த குட்டையில், ஆற்றில், நீர்த்தேக்கத்தில் விடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. சட்டம் கிடக்கட்டும், ஒரு முறை விட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வடிகால் வழியே ஆற்றைத் தொடும் இடங்களும் உண்டு.

---

செந்தூல்_லூர் எழுதியது:

அண்ணே, வேறு தண்ணீரில் விடக்கூடாது என்பதில் உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் மூடிய ஈயக்குட்டையில் இருபது வருடமாக இருக்கும் மீனை ரோட் போட்டு யாரும் ஒழித்துவிட முடியாது. பெரியதைக் கொன்று எடுத்தால் சின்னது ஆயிரம் வளரும். பெரிய பிபிதான் சின்னப் பிபியையும் தின்கிறது. ஆற்றோடு தொடர்புள்ள தண்ணீரில் பிடித்தால் நானும் விடமாட்டேன். மூடிய குட்டையில் விடுவேன். இதைப் பற்றித் தனி இழை போடுங்கள், இங்கே அந்தத் தம்பியின் கேள்வி காணாமல் போகிறது.

---

கிள்ளான்_ரீல் எழுதியது:

பார்செலோஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னால்: உங்கள் ரோட்டைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் சாப்பாட்டு மேசையில் கதை சொல்ல உதவும்.

நம் குட்டையில் நீங்கள் பிடிப்பது சிறிய இனம். பார்செலோஸ் இருக்கும் ரியோ நீக்ரோ ஆற்றில் உள்ளது டெமென்சிஸ் என்ற பெரிய இனம், அங்கே துக்குனாரே அசூ என்பார்கள். ஐஜிஎப்ஏ (உலக மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் அமைப்பு) சாதனை 13.19 கிலோ, 2010இல் ரியோ மரியே ஆற்றில் பிடிபட்டது. அடையாளம் கன்னத்தில்: கண்ணுக்குப் பின்னால் செவுள் மூடி மேல் கறுப்புத் திட்டுகள் இருந்தால் டெமென்சிஸ். உடல் முழுக்க வெள்ளைப் புள்ளி வரிசையோடு மெலிந்த மீன் வந்தால் வேறு இனம் என்று நினைக்காதீர்கள். அதே மீன்தான். இனப்பெருக்கக் காலத்தில் புள்ளி மறைந்து பட்டை தடிக்கும், காலம் முடிந்ததும் புள்ளி திரும்பும். வெகுகாலம் அங்கேயே அதை இரண்டு மீன் என்று நினைத்திருந்தார்கள்.

இரண்டு ரோட் போதும். 6 அடி 6 முதல் 7 அடிக்குள், மூன்று துண்டு. ஒரு துண்டு, இரண்டு துண்டு ரோட்டை விமானத்தில் ஏற்றுவதும், மனாவுஸ் நகரில் இறங்கிச் சிறு விமானத்துக்கோ படகுக்கோ மாற்றுவதும் தலைவலி. முதல் ரோட் மீடியம் ஹெவி, 50 எல்பி பின்னல் கயிறு: ஜிக், மூழ்கும் மின்னோ வீச. இரண்டாவது ஹெவி, 65 எல்பி: ப்ராப் லூர் வீச. ரீல் 4000, 5000 ஸ்பின்னிங், அல்லது கெட்டியான பெயிட்காஸ்டர். டிராக் 5 கிலோ வரை. லீடர் 60 எல்பி நைலான் தங்சி (ஒற்றை இழைக் கயிறு), அரை மீட்டர். புளோரோகார்பன் மூழ்கும், மேல்மட்ட லூரின் மூக்கை கீழே இழுக்கும். அதனால் நைலான்.

ப்ராப் லூர் என்பது 15 முதல் 18 செ.மீ. மரக்கட்டை, வாலில் ஓர் உலோக விசிறி. நீளமாக இழுத்தால் துணி கிழிவது போலச் சத்தம் வரும். பெரிய மீனைக் கூப்பிடும் சாமான் அதுதான், ஆனால் நாள் முழுக்க இழுத்தால் தோள் கழன்றுபோகும். எண்ணிக்கை வேண்டுமானால் 15 முதல் 20 கிராம் வரை மயிர் ஜிக். வெள்ளை, மஞ்சள், சிவப்பு மஞ்சள். ஆளுக்கு இருபது ஜிக் எடுங்கள். பிரானா ஒவ்வொரு மயிராகக் கடித்துத் துண்டாக்கிவிடும். ப்ராப் லூரில் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விசிறியை ஊதிப் பாருங்கள். ஊதினால் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் இறக்கை வளைந்திருக்கிறது, பிளையரால் நேராக்கினால்தான் அடுத்த வீச்சில் சத்தம் வரும். முள் 3/0, 4எக்ஸ். அதற்குக் குறைந்தால் நீங்கள் ரவாங்கில் பார்த்ததையே அங்கேயும் பார்ப்பீர்கள், இம்முறை நிமிர்ந்த முள்ளுக்கு டிக்கெட் விலையும் சேர்ந்து.

பயணத்தின் தலைவிதி ரோட்டில் இல்லை, தண்ணீர் மட்டத்தில். ஆறு இறங்கினால் மீன் காட்டைவிட்டு வெளியே வந்து மணல்திட்டு ஏரிகளிலும் கிளை வாய்களிலும் அடைபடும். ஆறு ஏறினால் வெள்ளக் காட்டுக்குள் மரங்களுக்கிடையே போய்விடும். அப்புறம் எந்த லூரும் எட்டாது. பார்செலோஸில் பருவம் பொதுவாகச் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜனவரி நல்ல மாதம்தான், ஆனால் மலைப்பக்கம் மழை பெய்து மட்டம் ஏறினால் படகைத் துணையாறு மாற்றி ஓட்டுவார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வேறு தண்ணீருக்குப் போக வழியில்லாத முகாமாக இருந்தால் அது சூதாட்டம். பிரேசில் மீன்பிடி உரிமம் வேண்டும். ஏற்பாடு செய்பவர்தான் எடுத்துத் தருவாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலுக்காக மட்டும் இல்லை, திரும்பி வருவதற்காக. நோய் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் மலேசியா சான்றிதழ் கேட்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் சிக்குவீர்கள். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும். ரியோ நீக்ரோ கருந்தண்ணீர், அமிலத்தன்மை, அதனால் கொசு குறைவு என்பது உண்மை. மலேரியா மாத்திரை வேண்டுமா என்று அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

---

பத்துமலை_காஸ்டிங் எழுதியது:

தராசு வைத்துப் பார்த்தேன் அண்ணே. கையால் இழுத்தபோது கெட்டியாக இருந்த டிராக் 800 கிராமில் வழுக்குகிறது! முதலில் தராசு கொஞ்சம் ஏறிப் பிடித்து, பிறகு பிய்த்துக்கொண்டு வழுக்குகிறது. ஒரே சீராக இல்லை. எப்ஜி முடிச்சை இழுத்தேன், 4 கிலோவில் வழுக்கிச் சுருண்டது. அதே பன்றி வால். எண்ணிப் பார்த்தால் 12 சுற்றுதான் போட்டிருக்கிறேன். விரிந்த முள்ளில் நுனியோரம் மட்டும் நிமிர்ந்திருக்கிறது, வளைவு அப்படியே இருக்கிறது. ஜனவரிப் பயணத்துக்காக ஊசிக்குப் பதிவு செய்துவிட்டேன்.

---

குட்டையோரம் எழுதியது:

அப்படியென்றால் மீனிடம் குற்றமில்லை.

800 கிராமில் வழுக்கும் டிராக் முள்ளை உள்ளே தள்ளவே விடாது. முள் ஏற்ற நீங்கள் ரோட்டைச் சுண்டும்போதெல்லாம் ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பிடித்துப் பிடித்து வழுக்குவது வாஷர் காய்ந்த அடையாளம். ஸ்பூல் மேலுள்ள குமிழைக் கழற்றி, சின்னக் கம்பி வளையத்தை எடுத்தால் வாஷர்கள் வரிசையாக வரும். எடுத்த வரிசையிலேயே துணி மேல் அடுக்குங்கள், தலைகீழாகப் போட்டால் டிராக்கே பிடிக்காது. கம்பளி வாஷர் என்றால் டிராக் கிரீஸை லேசாகத் தடவித் துடைத்துப் போடுங்கள். சாதாரண ரீல் எண்ணெய் விடாதீர்கள், ஒரேயடியாக வழுக்கும். வேலை முடிந்து வைக்கும்போது குமிழை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் வாஷர் தட்டையாகிப்போகும்.

பழைய ரோட்டோடு குட்டைக்குப் போவதாக இருந்தால் தராசில் 1.8 கிலோ வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டத்தில் கூடுதல் பிடி தேவைப்பட்டால் உள்ளங்கையால் ஸ்பூல் விளிம்பைத் தொட்டுக் கொடுங்கள். முடிச்சு 24 சுற்று போட்டு மறுபடி தராசில் 6 கிலோ வரை இழுங்கள். வழுக்கவில்லையென்றால் மீன் முன்னால் கட்டலாம்.

இன்னொன்று, ரவாங் பக்கம் இப்போது மூன்று மணிக்கே இடி இறங்குகிறது. கார்பன் ரோட் மின்னலுக்கு ஏணி. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே ரோட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்காருங்கள். கரை விளிம்பில் விரிசல் தெரிந்தால் அதன்மேல் நிற்காதீர்கள். அடியில் தண்ணீர் அரித்த மணல், ஆளோடு சரியும். கால் காயத்தோடு தண்ணீரில் இறங்கினால் எலிக் காய்ச்சல் வரலாம், பூட்ஸ் போடுங்கள்.

சனிக்கிழமை முள் மாற்றிய பிறகு அந்த மின்னோ வாளியில் மிதக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.